ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் படத்தில் ஏன் சாய்கின்றன?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்ரியில் ஜார்ஜ்டவுன் போய், லிட்டில் இந்தியா பக்கம் கடைவீடுகளையும் (கீழே கடை, மேலே வீடு) தெருவையும் படம் எடுக்கிறேன். பழைய கேமரா, 18-55 லென்ஸ். கட்டடங்கள் பின்னால் சாய்ந்த மாதிரி விழுகின்றன. ஐந்தடிப் பாதையில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் போகும் நடைபாதையில், நிற்கிறவர்கள் கறுப்பாகத் தெரிகிறார்கள். இன்னும் அகலமான லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? ஆட்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

பதில்: லென்ஸ் வாங்க வேண்டாம். கையில் இருப்பதே ஜார்ஜ்டவுனுக்குப் போதும். சாய்வுக்குக் காரணம் நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. கறுப்புக்குக் காரணம் நீங்கள் போகிற நேரம்.

சாய்வை முதலில் முடித்துவிடலாம். கேமராவின் சென்சாரும் கட்டடத்தின் முகப்பும் இணையாக இருக்கும்வரை தூண்கள் நேராக நிற்கும். கேமராவை மேலே தூக்கியதும் கோடுகள் உச்சியில் நெருங்க ஆரம்பிக்கும். அகலமான லென்ஸோடு கிட்டே போய் அண்ணாந்தால் இது இன்னும் மோசமாகும். எதிர்ப்பக்கத்து ஐந்தடிக்குப் போய், முதுகு சுவரில் படும்வரை பின்னால் நின்று, கேமராவை நெட்டையாகத் திருப்பி, மட்டமாகப் பிடியுங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார்ரோடு வரும். வரட்டும், பிறகு வெட்டிவிடலாம். மிச்சச் சாய்வைக் கணினியில் நிமிர்த்தலாம்; ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் போய்விடும் என்பதால் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். தொழில்முறைக்காரர்கள் இதற்கென்றே ஷிப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள்; கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். 35 மி.மீ. கேமராவுக்கு நிக்கான் அதை 1962-லேயே கொண்டுவந்தது. விலை அதிகம், உங்களுக்கு இப்போது தேவையில்லை. வானளாவி நிற்கும் கொம்தார் கோபுரக் கட்டடத்தை அடியில் நின்று அடக்கப் பார்க்காதீர்கள். தூரத்துத் தெருவிலிருந்து 55 மி.மீ.-இல் எடுங்கள். பழைய ஓட்டுக்கூரைகளுக்குப் பின்னால் அது எழுந்து நிற்பதுதான் இந்த ஊரின் உண்மையான தோற்றம்.

இனி வெளிச்சம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். படக்கலைக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சூரியனை வைத்து எழுதப்பட்டவை. வடக்குப் பார்த்த சுவரில் நடுப்பகல் வெயில் படாது என்று அவை சொல்லும். ஜார்ஜ்டவுன் இருக்கும் பினாங்கு வடக்கு அட்சரேகை 5.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூனில் தலைக்கு நேர்மேலிருந்து 18 பாகை வடக்கு. டிசம்பரில் 29 பாகை தெற்கு. ஆகவே டிசம்பரில் இருண்டு கிடந்த ஒரு வடக்கு முகப்பு ஜூனில் வெயிலில் குளிக்கும். பிடித்த கட்டடம் ஒன்று சரியாக வரவில்லை என்றால், ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

கடிகாரத்தையும் நம்பாதீர்கள். 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து இங்கே உச்சிவெயில் 1:15-ஐ ஒட்டித்தான் வருகிறது. சூரியன் எழுவது 7 மணிக்கும் 7:35-க்கும் இடையில். பத்து மணிக்குப் போனாலும் பாதகமில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை சாப்பிடப் போய்விடுவது நல்லது.

ஐந்தடிக்குள் முகங்களுக்கு நல்ல வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எதிர்வரிசைச் சுவரிலிருந்து. குயின் ஸ்திரீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1833-இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயிலின் கோபுரம் அங்கே கிழக்கு பார்த்து நிற்கிறது. காலை வெயில் கோபுரத்திலும் அந்த வரிசையிலும் விழுந்து, எதிர்ப்பக்கத்து ஐந்தடிக்குள் திரும்பி வரும். ஒன்பது மணி வாக்கில் அந்தப் பக்கம் ஒரு பூக்கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தால் கவனியுங்கள். மல்லிகையை நாரில் வைத்து முடிச்சிடும் விரல்கள், பிளாஸ்டிக் வாளித் தண்ணீர், தூணின் உரிந்த சுண்ணாம்பு எல்லாமே பிளாஷ் இல்லாமல் தெளிவாகத் தெரியும். எதிரே மஞ்சள் சுவர் என்றால் முகத்திலும் லேசாக மஞ்சள் ஏறும். அதை முழுக்கத் திருத்திவிடாதீர்கள், அது அந்தத் தெருவின் நிறம். சாயங்காலம் எல்லாம் தலைகீழ்: கிழக்கு வரிசை வெயிலில், கோயில் வரிசையின் ஐந்தடி பிரதிபலிப்பில்.

படத்தில் வானத்தைக் குறைத்து, வெயில்பட்ட சுவர் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, RAW கோப்பாக (கேமரா சுருக்காத மூலக்கோப்பு) எடுங்கள். நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கிற முறை ஆளில்லாத கட்டடத்துக்குச் சரி. நடக்கிறவர்கள் இருந்தால் ஒருவருக்கு இரண்டு கால் கூடிவிடும். நடையை உறைய வைக்க 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும். அசைவு தெரிய வேண்டுமா? கேமராவைத் தூணில் அழுத்திப் பிடித்து 1/15. கட்டடம் நிற்கும், ஆள் வழிந்து போவார்.

சரி, ஆட்கள் வேண்டுமா? கட்டாயம் வேண்டும். 1960-இல் கட்டடப் படக்கலைஞர் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் கண்ணாடி வீட்டுப் படத்தில் அந்த இரண்டு பெண்களை எடுத்துவிட்டால் அது வெறும் விற்பனை விளம்பரம். இன்றைக்கு இவான் பான் என்ற படக்கலைஞர் புதுக் கட்டடங்களைச் சுற்றி வாழ்கிறவர்களையும் சேர்த்தே எடுப்பதால்தான் கவனிக்கப்படுகிறார். ஜார்ஜ்டவுனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் நீங்கிய பிறகு, இந்தக் கடைவீடுகளில் தலைமுறையாகக் குடியிருந்த பலர் காலி செய்ய வேண்டியிருந்தது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்தபின் முகப்புகள் பளபளத்தன. முகப்பை மட்டும் எடுத்தால் யார் அங்கே இருந்தார்கள் என்பதே பதிவாகாது.

தூரத்தில் சிறியதாக நடந்து போகிறவர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. முகம் அடையாளம் தெரிகிற தூரம் என்றால் கேளுங்கள். "அக்கா, கடையை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று தமிழில் கேட்டால் லிட்டில் இந்தியாவில் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். சம்மதித்த பிறகு உடனே எடுக்காமல் அங்கேயே நின்று நாலு வார்த்தை பேசினால், அவர் மறுபடி வேலையில் இறங்குவார்; அப்போது எடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோயிலுக்குள் என்றால் அலுவலகத்தில் கேட்டபின்தான், கருவறைப் பக்கம் திருப்பவே கூடாது. சியூ ஜெட்டி போன்ற கடல்மேல் குடியிருப்புகளில் திறந்த கதவு என்பது வீட்டுக் கூடம். அதற்குள் லென்ஸை நீட்டாதீர்கள்.

ஒயர், மோட்டார் சைக்கிள், சாயம் போன பெயர்ப்பலகை இவற்றைக் கணினியில் அழிக்கவும் வேண்டாம். கோப்பின் பெயரில் தெரு, கடை எண், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.