‘என்னால் முடியும்’ என்பதை எப்படி அளப்பது? கேள்வி பதில்

கல்லூரி மாணவர்கள் அறிவியல் கற்பதில் கொண்டுள்ள தன்திறன் நம்பிக்கையை அளக்க முற்பட்டிருக்கும் மதுரை வட்டார ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

மேலூர், எம்.எட். மாணவி: மாணவர்கள் மதிப்பிட்டுக் குறிக்க வேண்டிய என் அளவுகோலில் ‘நான் அறிவியலில் திறமையானவள்’ என்று முதல் கூற்றை எழுதியிருந்தேன். நெறியாளர் அடித்துவிட்டார். என்ன தவறு ஐயா?

அடித்தது சரிதான் அம்மா. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தபோது, குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்து முடிக்கத் தன்னால் இயலும் என்று ஒருவர் நம்புவதைத்தான் பேசினார். ‘திறமையானவள்’ என்பது பொதுவான சுயமதிப்பு. கரிம வேதியியல் என்றால் நடுங்குகிற பெண், உப்புப் பகுப்பாய்வில் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வாள். உங்கள் கூற்றுக்கு அவள் என்ன குறிப்பாள்?

செயலைக் கேளுங்கள். ‘தரம்பார்த்தலில் நிறம் மாறும் சொட்டிலேயே பியூரெட்டை நிறுத்த என்னால் முடியும்’ என்று எழுதுங்கள். ‘நிறுத்துவேன்’ என்று எழுதினால் அது எண்ணத்தை அளக்கும். ‘முடியும்’ என்று கேட்க வேண்டும் என்பதை அளவுகோல் அமைப்பதற்கான 2006 வழிகாட்டியில் பண்டூராவே வலியுறுத்தியிருக்கிறார். அடுத்து, கடினத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்: ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது முடியுமா, தனியாக முடியுமா, அடுத்தடுத்து மூன்று முறை செய்து மூன்றிலும் அளவு ஒத்துவருமா? எல்லாரும் எளிதாக ‘ஆம்’ சொல்லிவிடும் கூற்றால் யாரையும் பிரித்தறிய முடியாது.

வாடிப்பட்டி வாசகர்: ஐந்து புள்ளி அளவா, 0 முதல் 100 வரையா?

பண்டூரா பரிந்துரைப்பது பத்துப் பத்தாக ஏறும் 0–100. நம் பிள்ளைகளுக்கு நூறு என்றாலே மதிப்பெண் நினைவுதான். 35-க்குக் கீழே குறிக்கக் கை வராது. 0–10 வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை, ஆய்வு மாணவர்: எத்தனை பேரிடம் திரட்ட வேண்டும்?

கூற்று ஒன்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது வழக்கில் உள்ள கணக்கு. முப்பது கூற்று இருந்தால் 300 பேரைத் திரட்டப் பாருங்கள்.

திண்டுக்கல், உதவிப் பேராசிரியர்: எனக்கு கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; உச்சம் 1) 0.97 வந்திருக்கிறது. பெருமையாக எழுதலாமா?

முதலில் கூற்றுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே கூற்றை நான்கு வேடம் போட்டு நிறுத்தினாலும் ஆல்ஃபா ஏறும். கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் ஏறும். எதை அளக்க வந்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பதற்கு அந்த எண் சாட்சி சொல்லாது.

திருமங்கலம், இயற்பியல் ஆசிரியர்: என் இரண்டாமாண்டு வகுப்பில் கொடுத்தேன். ஐந்து புள்ளி அளவில் அத்தனை பேரும் நான்கும் ஐந்துமாகக் குறித்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் பாதிப் பேருக்கு வெர்னியர் அளவியில் சுழிப்பிழை (தாடைகள் ஒட்டியிருக்கும்போதும் அளவு சுழி காட்டாத பிழை) பார்க்கத் தெரியாது. இந்த அளவுகோலே ஏமாற்று வேலை.

தாளின் தலைப்பில் பெயரும் பதிவெண்ணும் கேட்டீர்களா? அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறதா? குறிக்கும்போது வகுப்பில் நின்றீர்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், நீங்கள் அளந்தது உங்கள் மீதான மரியாதையை.

அவரே மீண்டும்: பெயர் கேட்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

அது போதும்.

உசிலம்பட்டி, ஆய்வு மாணவி: நடுவில் பேசுவதற்கு மன்னியுங்கள் ஐயா. நாங்கள் படித்தபோது நான்கு பேருக்கு ஒரு வெர்னியர். ஒருத்தி பிடிப்பாள், ஒருத்தி படிப்பாள், ஒருத்தி எழுதுவாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டிருந்தால் நானும் ‘முடியும்’ என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை.

இந்த வாரத்தின் சிறந்த கடிதம் இது. இந்த நம்பிக்கை பிறக்கும் ஊற்றுகளாகப் பண்டூரா நான்கைச் சொல்கிறார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்நேரத்து உடல், மன நிலை. நீங்கள் சொல்வது இரண்டாவது. ஆனால் நான்கில் வலுவானது முதலாவதுதான். பார்த்து வந்த நம்பிக்கை, தனியாகக் கருவியைத் தொட்டவுடன் சட்டென்று இறங்கிவிடலாம். ஆகவே திருமங்கலத்தார் தம் தாளில் ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: ‘கடைசிச் செய்முறை வகுப்பில் உங்கள் கை என்ன செய்தது?’ பிடித்தவர், படித்தவர், எழுதியவர், பார்த்தவர் என்று பிரித்துச் சராசரி எடுத்தால் சேதி கிடைக்கும்.

திருமங்கலம், மூன்றாம் முறை: அப்படியானால் செய்முறைத் தேர்வே வைத்துவிடலாமே? நம்பிக்கையை எதற்கு அளக்க வேண்டும்?

ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் அளவு தப்பினால் மறுபடி எடுக்கிறார். மற்றவர் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிடுகிறார். தேர்வுத்தாளில் இந்த வேறுபாடு தெரியாது. முயற்சியையும் விடாப்பிடியையும் தீர்மானிப்பதில் இந்த நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. இரண்டையும் அளங்கள் ஐயா. சுழிப்பிழை தெரியாதவர் ஐந்து குறித்திருக்கிறார் என்றால், அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வு. நான்காவது கடிதத்தை, நீங்கள் வெளியே நின்று தரவு திரட்டிய பிறகு அனுப்புங்கள்.

விருதுநகர் வாசகர்: எத்தனை பேரிடம் எடுக்கலாம்?

மேலே சிவகங்கைக்குச் சொன்னது.

நாகமலை புதுக்கோட்டை, ஆய்வு மாணவர்: ஆயத்த அளவுகோல் இருக்கிறதா? அப்படியே தமிழில் எடுத்துக்கொள்ளலாமா?

தைவான் ஆய்வாளர்கள் லின், சாய் இருவரும் 2013-இல் வெளியிட்டது ஒன்று உண்டு. கருத்துப் புரிதல், உயர்நிலைச் சிந்தனை, செய்முறை, அன்றாடப் பயன்பாடு, அறிவியலைப் பிறரிடம் எடுத்துச்சொல்லுதல் என ஐந்து கூறுகள். ஆனால் அது உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக அமைத்தது, அப்படியே எடுக்காதீர்கள். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். பிறகு பத்து மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். எந்தெந்தக் கூற்றுகள் ஒரு கூறாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு அதற்கு அப்புறம்.

தேனி, பள்ளி ஆசிரியர்: பத்தாம் வகுப்பில் கணக்குப் பயத்தை எப்படிப் போக்குவது?

அது என் துறை இல்லை. உளவியல் ஆலோசகரைக் கேளுங்கள்.

மதுரை, எம்.பில். முடித்த ஆசிரியை: அடுத்த வாரம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நேரமில்லை. என் சொந்த வகுப்பிலேயே எடுத்துவிடட்டுமா?

வேண்டாம். வேறு கல்லூரியில் பாடம் எடுக்கும் தோழி ஒருத்தியைப் பிடியுங்கள். அவர் வகுப்பில் நீங்கள், உங்கள் வகுப்பில் அவர். தாளைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், கையில் வாங்காதீர்கள். ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.