லிஃப்ட் செய்த பிக்கப், உள்பக்கம் மொட்டையான டயர்: யார் பொறுப்பு?

கேள்வி: என் பிக்கப்பை 3 இன்ச் லிஃப்ட் செய்து பெரிய டயர் போட்டேன். லிஃப்ட் கிட் மாட்டியது ஒரு பட்டறை, வீல் அலைன்மென்ட் பார்த்தது வேறு கடை. அன்றிலிருந்தே வண்டி நேர் ரோட்டில் அலைகிறது. 6,000 கி.மீ. ஓடுவதற்குள் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டன. கடையில் கேட்டால் "லிஃப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். பில்லிலும் "மாற்றம் செய்த வண்டிக்குப் பொறுப்பல்ல" என்று ஸ்டாம்ப் அடித்திருக்கிறார்கள். லிஃப்ட் போட்டவரோ அலைன்மென்ட் கடையைக் கைகாட்டுகிறார். அளவீட்டுத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கோபத்தில் இன்னொரு கடைக்குப் போய் உடனே அலைன்மென்ட்டைச் சரிசெய்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்கள் வழக்கின் பாதி சாட்சி இப்போது அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது. திருகிவிட்டால் போய்விடும். முதலில் அளக்க மட்டும் சொல்லுங்கள். தாளை வாங்குங்கள். அப்புறம் சரிசெய்யலாம்.

உங்கள் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். வேலைக்கு 'முன்', வேலைக்குப் 'பின்' என்று இரண்டு பத்திகள். சிவப்பு என்றால் அளவு வரம்புக்கு வெளியே, பச்சை என்றால் உள்ளே. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) முதலில் சிவப்பு, வேலை முடிந்தபின் இரண்டு பக்கமும் பச்சை. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு) வரம்பின் விளிம்பில், ஆனாலும் பச்சை. கேஸ்டர் (இது என்ன என்று கீழே சொல்கிறேன்) இடது 0.8 டிகிரி, வலது 1.1 டிகிரி, இரண்டும் சிவப்பு. இதில் முக்கியம் என்னவென்றால் கேம்பரும் கேஸ்டரும் இரண்டு பத்தியிலும் அதே எண்கள், ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதாவது டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) மட்டும் திருகி டோவைச் சரிசெய்துவிட்டு, கன்ட்ரோல் ஆர்மில் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) இருக்கும் கேம் போல்ட்டை (கேஸ்டர், கேம்பரை மாற்றத் திருகும் போல்ட்) யாரும் தொடவே இல்லை. முறையாகச் செய்பவர் கேஸ்டர், கேம்பர் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் கடைசியில் டோவுக்கு வருவார், அவற்றை அசைத்தால் டோவும் அசையும் என்பதால். உங்கள் பில்லிலோ 'முழு அலைன்மென்ட்' என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கேஸ்டர் என்பது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்கப்பை உயர்த்தினால் ஆர்ம்களின் கோணம் மாறி இந்தச் சாய்வு பெரும்பாலும் குறைந்துவிடும், வண்டி அலையும். முன்சக்கரம் இரண்டையும் ஒரே ஆக்ஸில் இணைக்கும் வண்டியிலும் கேஸ்டர் குறையும். கேம்பர் மட்டும் ஆக்ஸிலிலேயே அமைந்திருப்பதால் அங்கே அவ்வளவாக மாறாது. ஆக, நீங்கள் சொல்லும் 'அலைகிறது' என்ற புகாரும் தாளில் சிவப்பாக நிற்கும் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இது உங்கள் பக்கம் வலுவான விஷயம்.

கடைக்காரர் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: "இவ்வளவு உயரத்துக்குக் கம்பெனி போல்ட்டில் கேஸ்டரைக் கொண்டுவர இடமே இல்லை, வேறு அப்பர் கன்ட்ரோல் ஆர்ம் போட்டால்தான் வரும்." அது உண்மையாகவே இருக்கலாம், பல வண்டிகளில் அதுதான் நிலைமை. ஆனால் சட்டம் அவரிடம் அதிசயத்தைக் கேட்கவில்லை. ஒரு தொழில் தெரிந்தவர் காட்ட வேண்டிய நியாயமான கவனத்தையும் திறமையையும்தான் கேட்கிறது. திரையில் சிவப்பு தெரிந்ததும் "இது வரவில்லை, இந்தப் பாகம் வேண்டும், அதுவரை பார்த்து ஓட்டுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் பிரிவு 2(11), தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடாகவே வைக்கிறது. பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015-ல் பிரிவு 49 கவனமும் திறமையும் வேண்டும் என்கிறது, பிரிவு 57 அதைக் கைகழுவவும் விடுவதில்லை. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இந்த அடிப்படை பல நாட்டுச் சட்டங்களில் இருப்பதுதான். லிஃப்ட் செய்த வண்டி என்று கண்ணால் பார்த்து, ஏற்றி, வேலை செய்து, காசும் வாங்கியவர் பிறகு 'லிஃப்ட் செய்த வண்டியாச்சே' என்று சொல்வதை நான் ஒரு நிமிடம்கூட ஏற்க மாட்டேன்.

சரி, அந்த ரப்பர் ஸ்டாம்ப்? 1949-ல் இங்கிலாந்தில் ஆலி எதிர் மார்ல்பரோ கோர்ட் என்று ஒரு ஹோட்டல் வழக்கு. பொருள் திருட்டுப்போனால் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு அறைக்குள்ளே மாட்டியிருந்தது. ஆனால் ஒப்பந்தம் கீழே வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டதால் அந்த அறிவிப்பு செல்லாது என்றார்கள். உங்கள் விஷயத்திலும் வேலை முடிந்து காசு கொடுக்கும்போது கைக்கு வந்த பில்லில்தான் ஸ்டாம்ப் என்றால் அதே வாதம் நிற்கும். வண்டியை விடும்போது கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டிலும் அந்த வரி இருந்ததா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் கதை கொஞ்சம் மாறும்.

இப்போது டயர். இங்கே உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு நிபுணர் இதைத்தான் பிடிப்பார்: கேஸ்டர் குறைந்தால் வண்டி அலையும், ஆனால் அது மட்டுமே டயரை இப்படித் தின்னாது. டயரைத் தின்பது டோவும் கேம்பரும். டோ பச்சையில் விட்டார்கள் என்று தாள் சொல்கிறது. அப்படியானால் உள்பக்கம் எப்படித் தேய்ந்தது? டயரின் பட்டைகள் மேல் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள் (ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி நீட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு). ஒரு பக்கமாகப் போகும்போது வழுக்கி, திரும்பும்போது ரம்பம் மாதிரி விரலில் கீறினால் டோ கெட்டிருக்கிறது. கீறாமல் ஒரே வழவழப்பாக உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம்.

இதனால்தான் இப்போதைய அளவு வேண்டும் என்கிறேன். இன்று டோ, தாளில் உள்ள எண்ணிலிருந்து விலகியிருந்தால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. டை ராட் லாக் நட் சரியாக இறுக்கப்படாமல் தளர்ந்திருந்தால் அது அலைன்மென்ட் கடையின் கணக்கு. கிட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் லிஃப்ட் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். அவர் 'சில நூறு கிலோமீட்டரில் வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்து நீங்கள் போகவில்லை என்றால் பழி உங்கள் பக்கமும் கொஞ்சம் சாயும். நடுவில் பெரிய பள்ளத்தில் அடித்திருந்தாலும் அப்படியே, என்னிடமாவது மறைக்காதீர்கள். பால் ஜாயின்ட்டில் (கன்ட்ரோல் ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் உருண்டை மூட்டு) ஏற்கெனவே ஆட்டம் இருந்திருந்தால், அதைச் சோதிக்காமல் அலைன்மென்ட் போட்டதே தவறு என்று வாதாடலாம், ஆட்டம் உள்ள பாகத்தில் எந்த அளவும் நிற்காது.

ஆகவே இருவருக்கும் தொடர்பில்லாத ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோங்கள், ஓட்டும் நிலையில் இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போங்கள். டயரில் கம்பி தெரிந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், வழக்கைவிட உயிர் முக்கியம். முடிந்தால் இரண்டு தரப்புக்கும் தேதி சொல்லி, விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள், பின்னால் 'எங்களுக்குத் தெரியாமல் அளந்தார்கள்' என்ற பேச்சு வராது. காற்றழுத்தம், வண்டியில் இருந்த பாரம், இரு பக்கமும் தரையிலிருந்து ஃபெண்டர் வரை உயரம், எல்லாம் அறிக்கையில் வரட்டும். லாக் நட்டை நெருக்கத்தில் படமெடுங்கள், நட் நகர்ந்த இடத்தில் மரை பளபளப்பாகத் தெரிந்தால் அந்தப் படம் பத்து வாய்ச்சாட்சிக்குச் சமம். பழைய டயர்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அளந்தபின் தாமதிக்காமல் சரிசெய்துவிடுங்கள். கெட்ட நிலையிலேயே ஓட்டி நஷ்டத்தைக் கூட்டினால், கூடிய பகுதிக்கு இழப்பீடு கிடைக்காது. புது டயரின் முழு விலையையும் எதிர்பார்க்காதீர்கள், ஓடிய கிலோமீட்டருக்குக் கழித்துத்தான் கேட்க முடியும். அலைன்மென்ட் கட்டணம், அளவீட்டுச் செலவு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

லிஃப்ட்டுக்கு உங்கள் ஊர்ச் சட்டப்படி அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதில் கண்டிப்பானது. அனுமதி இல்லை என்பதால் மட்டும் கடைக்காரரின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் விசாரணையில் அவர் அதைத்தான் முதலில் கிளப்புவார்.

காலக்கெடுவையும் பாருங்கள். இந்திய நுகர்வோர் ஆணையம் என்றால் 2 ஆண்டுகள். இரண்டு தரப்பையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் வராதவர்மேல் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். புது அளவீட்டுத் தாளும் ஜாப் கார்டும் கைக்கு வந்ததும் அனுப்புங்கள், நோட்டீஸில் யாரிடம் எவ்வளவு கேட்பது என்பதை அதைப் பார்த்தபின்தான் என்னால் சொல்ல முடியும்.