கிணற்றுத் தண்ணீரில் டொப்ளர் சென்சர் தாறுமாறாகக் காட்டுவது பற்றி

தண்ணீரின் ஓட்ட வேகத்தை ஒலியால் அளக்கும் உங்கள் டொப்ளர் சென்சர் பழுதில்லை என்றே நினைக்கிறேன். அசையாத தொட்டியில் வேகம் பூச்சியத்தில் நிற்காமல் துள்ளுகிறது என்கிறீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தம், அவ்வளவுதான். இந்தக் கருவி தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை; அதில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் கேட்கிறது. தூசி இல்லையென்றால் வெறும் இரைச்சல்தான் வரும்.

ஒரு பிடி செம்பாட்டு மண்ணைக் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சுழல் அடங்கச் சில நிமிடம் விடுங்கள், ஆனால் மண் முழுக்க அடியில் படியுமுன் பாருங்கள். சிக்னல்-இரைச்சல் விகிதம் 15 டெசிபலுக்கு மேலும், கொரிலேஷன் (திரும்பும் எதிரொலிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 70 சதவீதத்துக்கு மேலும் ஏறினால் பிரச்சினை முடிந்தது. சென்சரின் ஒலிக்கற்றைகளில் மற்ற எல்லாம் ஏறி ஒன்று மட்டும் கீழே கிடந்தால், அந்தக் கற்றைக்குரிய சென்சர் முகத்தில் குமிழியோ பாசியோ இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள் (கத்தியால் சுரண்ட வேண்டாம்!). அதற்கும் சரிவராவிட்டால்தான் கேபிளைச் சந்தேகப்படலாம்.

ஒன்று: சிறிய வாளியில் சுவரில் பட்ட எதிரொலியும் ஏமாற்றும், பெரிய தொட்டியே நல்லது. அப்புறம் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்று நீரேரியில் இறக்கும்போது, கருவியில் உப்புத்தன்மை அமைப்பை மாற்ற மறக்காதீர்கள். நன்னீர் அமைப்பிலேயே விட்டால், கடல் அளவு உப்புக்கு வேகம் 2–3 சதவீதம் பிசகும்.