எரேதியாவில் அலுவலகம், எஸ்காசூவில் வீடு: சரிப்படுமா?

கேள்வி: கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹொசேவுக்கு இரண்டு வருட வேலையாகக் குடும்பத்தோடு போகிறேன். அலுவலக முகவரியில் ‘உயோவா, எரேதியா’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அது சான் ஹொசே இல்லையா? வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எஸ்காசூவில்தான் வீடு எடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வரைபடத்தில் இரண்டு இடமும் பக்கத்தில்தான் தெரிகின்றன. கார் வாங்கிக்கொண்டால் அரை மணி நேரத்தில் போய்விடலாம் அல்லவா?
வாசகி, கோவை

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராளமாகப் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முடியாது. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் அங்கே யாரும் அதிசயப்பட மாட்டார்கள். மற்ற ஊர்களில் வீட்டைப் பிடித்துவிட்டு வழியை யோசிக்கலாம். சான் ஹொசேயில் எந்தச் சாலை, எந்தப் பாலம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீடு தேட வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். கோஸ்டா ரிக்காவில் மூன்று அடுக்கு நிர்வாகம். மேலே ஏழு மாகாணங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘காந்தோன்’கள், நாடு முழுக்க 84. காந்தோனுக்குள் ‘திஸ்த்ரித்தோ’. இந்தச் சொல்லை மாவட்டம் என்று மொழிபெயர்த்துக்கொண்டால் கணக்கு தப்பும். நம் ஊர் அளவில் அது ஒரு நகராட்சி வார்டு, அல்லது ஒரு ஊராட்சி. நகராட்சி மன்றமும் மேயரும் இருப்பது காந்தோன் மட்டத்தில். சொத்து வரி, குப்பை, உள்ளூர்த் தெருக்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

உங்கள் உயோவா என்பது எரேதியா மாகாணத்தில், எரேதியா காந்தோனில் உள்ள ஒரு திஸ்த்ரித்தோ. எஸ்காசூ இருப்பது சான் ஹொசே மாகாணத்தில், ஆனால் சான் ஹொசே காந்தோனில் அல்ல. எஸ்காசூவே ஒரு தனிக் காந்தோன். சான் ஹொசே காந்தோன் என்பது வெறும் 44 சதுர கிலோமீட்டர் சொச்சம், பதினொரு திஸ்த்ரித்தோக்கள். தலைநகர் என்று நாம் மனதில் நினைக்கும் பெரிய நகரம் அந்த எல்லைக்குள் அடங்குவதே இல்லை. சான் ஹொசே, எரேதியா, அலஹுவேலா, கர்த்தாகோ என்ற நான்கு மாகாணத் தலைநகர்களும் மத்தியப் பள்ளத்தாக்கில் அருகருகே கிடக்கின்றன. வீடுகள் பெருகிப் பெருகி எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நாட்டு மக்களில் பாதிக்கு மேல் இந்தப் பெருநகரப் பகுதியில்தான் வசிக்கிறார்கள். நீங்கள் இறங்கப் போகும் ‘சான் ஹொசே’ விமான நிலையம்கூட உண்மையில் அலஹுவேலா மாகாணத்தில் இருக்கிறது.

ஆகவே ‘எரேதியா’ என்று பார்த்ததும் வேறு ஊர் என்று பயப்பட வேண்டாம். அதே சமயம் ‘அலஹுவேலா’ என்று பார்த்ததும் விமான நிலையத்துக்குப் பக்கம் என்று நம்பவும் வேண்டாம். இந்த மாகாணங்கள் வடக்கே நிகராகுவா எல்லை வரை நீண்டு கிடக்கின்றன. அரேனால் எரிமலையடியில் இருக்கும் லா ஃபொர்த்தூனா அலஹுவேலா மாகாணம்தான். விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம். மாகாணப் பெயரை மட்டும் பார்த்து விடுதி பிடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு டாக்ஸிக்காரரிடம் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் எரேதியா காந்தோனிலேயே பாரா பிளாங்கா என்று ஒரு திஸ்த்ரித்தோ இருக்கிறது. மற்ற நான்கோடு ஒட்டாமல், மலைக்கு அப்பால் தனியே துண்டாகக் கிடக்கிறது. ‘எரேதியா காந்தோனில் அழகான வீடு, வாடகை குறைவு’ என்று விளம்பரம் பார்த்தால் அது எந்தத் திஸ்த்ரித்தோ என்று கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயர்களும் சோதிக்கும். புனிதர்கள் சிலர்தான், ஊர்களோ நிறைய. சான் ரஃபாயேல் என்றால் எஸ்காசூவிலும் ஒன்று, அலஹுவேலாவிலும் ஒன்று, எரேதியாவில் ஒரு காந்தோன் முழுக்கவே சான் ரஃபாயேல். சான் அந்தோனியோவும் அப்படித்தான். உச்சம் என்னவென்றால், அலஹுவேலா காந்தோனுக்குள் ‘சான் ஹொசே’ என்றே ஒரு திஸ்த்ரித்தோ உண்டு. இதற்கு மருந்து அஞ்சல் குறியீடு. ஐந்து இலக்கம்: முதல் இலக்கம் மாகாணம், அடுத்த இரண்டு காந்தோன், கடைசி இரண்டு திஸ்த்ரித்தோ. 10203 என்றால் எஸ்காசூவின் சான் ரஃபாயேல், 20108 என்றால் அலஹுவேலாவின் சான் ரஃபாயேல், 40501 என்றால் எரேதியா மலைச்சரிவில் உள்ளது. உங்கள் உயோவா 40104. அஞ்சல்காரரைவிட வீடு தேடுகிறவருக்குத்தான் அந்தக் குறியீடு அதிகம் உதவும்.

சரி, இப்போது சாலைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பல ஆறுகள் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றில் முக்கியமானது பிரீயா. சான் ஹொசே பக்கத்தையும் எரேதியா பக்கத்தையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் இந்த ஆறுதான். வரைபடத்தில் மெல்லிய நீல நூலாகத் தெரியும். நேரில் பார்த்தால் செங்குத்தான பள்ளம். அதைத் தாண்டப் பாலங்கள் கொஞ்சமே. எஸ்காசூ ஆற்றுக்குத் தெற்கே, உயோவா வடக்கே. அதனால் இரண்டுக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில் பயனில்லை. காலையில் எந்தப் பாலத்தின் வரிசையில் நிற்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, எஸ்காசூவிலிருந்து 27ஆம் எண் சாலையில் கிழக்கே சபானா பூங்கா வரை வந்து, அங்கிருந்து ஹெனரல் கான்யாஸ் நெடுஞ்சாலையைப் பிடித்து வடமேற்கே திரும்புவது. எண்படி அது 1ஆம் சாலை. ஆனால் எண்ணைச் சொல்லி யாரும் பேச மாட்டார்கள், ‘லா ஹெனரல் கான்யாஸ்’தான். 1856-57இல் மத்திய அமெரிக்காவைப் பிடிக்க வந்த அமெரிக்கர் வில்லியம் வாக்கரின் கூலிப்படையை எதிர்த்துப் போரிட்ட தளபதியின் பெயர் அது. விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ஹுவான் சாந்தாமரியாவும் அதே போரின் வீரர்தான். தலைநகருக்கும் விமான நிலையத்துக்கும் முதன்மை இணைப்பு இந்த ஒரு சாலை. அலஹுவேலா, எரேதியா தொழிற்பேட்டைகளுக்குப் போகிறவர்களும் துறைமுக லாரிகளும் சுற்றுலாப் பயணிகளும் ஒரே பாலத்தில் பிரீயாவைத் தாண்டுகிறார்கள். அந்தப் பாலத்துக்கு ‘பிளாத்தினா’, அதாவது தகடு, என்று பட்டப்பெயர். 2009 வாக்கில் பாலத்தின் இணைப்பில் ஒரு இரும்புத் தகடு பெயர்ந்தது. அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வருடக்கணக்கில் இழுத்தார்கள். இன்றைக்கும் அரசாங்க வேலை இழுபறியானால் உவமைக்கு அந்தத் தகடு வந்துவிடும்.

இரண்டாவது வழி, 27இல் மேற்கே சாந்தா ஆனா போய், லிந்தோரா வழியாக 147ஆம் சாலையில் ஆற்றைத் தாண்டி, பெலேன் ஊருக்குள் நுழைந்து உயோவாவுக்கு வருவது. பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் லிந்தோரா இரண்டு பக்கமும் அலுவலகமும் வணிக வளாகமுமாக நிரம்பிய சாலை. பெலேனின் உள் தெருக்கள் குறுகல். நீங்கள் நினைத்த குறுக்குவழியை ஆயிரம் பேர் ஏற்கெனவே நினைத்திருப்பார்கள். சாலை நெரிசலுக்கு அங்கே ‘பிரேசா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் அணைக்கட்டு என்று பொருள். தண்ணீர் தேங்குவது போல வண்டிகள் தேங்குகின்றன. இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆகவே என் யோசனை: ஆற்றுக்கு வடக்கிலேயே வீடு பாருங்கள். பெலேன் காந்தோனில் லா அசுன்சியோன், அதிலுள்ள கரியாரி குடியிருப்பு. உயோவாவிலேயே காவல் வாசலோடு கூடிய குடியிருப்புகள். இல்லையென்றால் எரேதியா நகரை ஒட்டிய பகுதிகள். எரேதியா நகரில் தேசியப் பல்கலைக்கழகம் இருப்பதால் கடைகண்ணி, பேருந்து, நடமாட்டம் எல்லாம் உண்டு. பார்வா, சான் ரஃபாயேல் என்று மேலே ஏறினால் காற்று குளிர்ந்து வாடகையும் இறங்கும். ஆனால் ஏறியதையெல்லாம் காலையில் இறங்க வேண்டும், அதுவும் எரேதியா ஊருக்குள் புகுந்து. கோவைக்காரருக்குக் குளிர் பிடிக்கலாம், அந்த இறக்கம் பிடிக்காது.

எஸ்காசூவைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலம் பேசும் மருத்துவர், பெரிய அங்காடி, வெளிநாட்டுக் குழந்தைகள் படிக்கும் பள்ளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வேலை எஸ்காசூவிலோ சாந்தா ஆனாவிலோ இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். குழந்தைகளின் பள்ளி தெற்கே அமைந்துவிட்டால் யார் எந்தப் பக்கம் தினமும் ஆற்றைத் தாண்டுவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பள்ளிகள் அங்கே காலை ஏழு, ஏழரைக்கே தொடங்கிவிடும்.

கார் பற்றி. வண்டி வலப்பக்கம் ஓடும். அது ஒரு வாரத்தில் பழகிவிடும். எண் பலகைக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. தலைநகரின் மையப்பகுதிக்குள், ‘சிர்க்குன்வலாசியோன்’ என்ற வளையச் சாலைக்கு உட்பட்ட பரப்பில், வார நாட்களில் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை நுழையக் கட்டுப்பாடு. எண்ணின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், 5, 6 புதன், 7, 8 வியாழன், 9, 0 வெள்ளி. வாடகைக் காருக்கும் விலக்கில்லை. உயோவாவும் பெலேனும் வளையத்துக்கு வெளியே இருப்பதால் அன்றாடப் போக்குவரத்துக்குப் பாதிப்பில்லை. குடிவரவு அலுவலக வேலை, மருத்துவமனை என்று நகருக்குள் போக வேண்டிய நாளைத்தான் பலகையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சுங்கச் சாவடிகளுக்கு ‘குயிக் பாஸ்’ பட்டை ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ரயிலும் உண்டு. எரேதியாவிலிருந்து தலைநகரின் கிழக்கே உள்ள அத்லாந்திக்கோ நிலையத்துக்கு வேலை நாட்களில், காலையும் மாலையும் நெரிசல் நேரங்களில் ஓடுகிறது. வார இறுதியை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தெருக்களை ஒட்டியே தண்டவாளம் போவதால், ஹாரன் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

முகவரி விஷயம் தனிக் கதை. சான் ஹொசே மையத்தில் தெருக்களுக்கு எண் உண்டு: கிழக்கு மேற்காக ஓடுபவை அவெனிதா, வடக்கு தெற்காக ஓடுபவை காயே. மைய அவெனிதாவுக்கு வடக்கே ஒற்றைப்படை, தெற்கே இரட்டைப்படை. காயேக்களில் கிழக்கே ஒற்றை, மேற்கே இரட்டை. இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை மக்கள் பேச்சில் அவ்வளவாகப் பயன்படுத்துவதே இல்லை. ‘தேவாலயத்திலிருந்து 300 மீட்டர் தெற்கே, 50 மேற்கே, பச்சை வாசல்’ என்பதுதான் முகவரி. 100 மீட்டர் என்றால் அளந்து நடக்காதீர்கள், ஒரு தெருப் பகுதி என்று பொருள். பழைய ஆட்கள் ‘100 பாரா’ என்பார்கள். பாரா என்பது சுமார் 84 சென்டிமீட்டர், ஆகவே 100 பாரா சுமார் 84 மீட்டர், ஒரு தெருப் பகுதியின் உண்மை நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அடையாளம் இப்போதும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சான் பெத்ரோ பகுதியில் என்றோ போய்விட்ட ஒரு பழைய அத்தி மரத்திலிருந்து இன்னும் வழி சொல்கிறார்கள். ‘லா கோக்கா கோலா’ என்ற பேருந்து நிலையப் பகுதியில் குளிர்பான ஆலை இருந்தது எப்போதோ. நான் முதல் மாதத்தில் இல்லாத ஒரு மளிகைக்கடையைத் தேடி ஒரே தெருவை நான்கு தடவை சுற்றியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் முகவரியோடு வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியின் இருப்பிடக் குறியையும் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம், விடுமுறை நாட்கள். பசிபிக் கடற்கரைக்கு 2010இல் திறந்த 27ஆம் சாலைதான் குறுகிய வழி. சியுதாத் கொலோன் தாண்டியதும் பெரும்பகுதி ஒடுங்கிவிடும். ஞாயிறு பிற்பகலில் திரும்பும் கூட்டத்துக்காகச் சாலையை ஒருவழியாக்குவதும் உண்டு, அந்த நேரத்தில் கடற்கரை பக்கம் புறப்படாதீர்கள். கரீபியக் கடற்கரையின் லிமோனுக்கு 32ஆம் சாலை. பிராவுலியோ காரியோ காட்டைப் பிளந்து போகும் அழகான சாலை. மழையில் மண் சரிந்து அடிக்கடி மூடப்படும் சாலையும் அதுவே. மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். காலையிலேயே தாண்டிவிடுங்கள், கிளம்புமுன் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தெற்கே கர்த்தாகோ வழியாகப் போகும் 2ஆம் சாலை 3,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அந்த மலைக்கு ‘மரண மலை’ என்று பெயர். பழைய நாளில் கால்நடையாகக் கடந்தவர்கள் குளிரில் இறந்ததால் வந்தது. பனிமூட்டம் இப்போதும் அடர்த்திதான், இரவில் வேண்டாம்.

போனதும் வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதம் பெலேனிலோ உயோவாவிலோ தற்காலிகமாகத் தங்குங்கள். எஸ்காசூ ஆசை விடவில்லை என்றால், ஒரு வேலை நாளில் காலை ஆறரைக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கும், மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து அங்கேயும் ஒரு டாக்ஸியில் போய் வாருங்கள். மழை பெய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.