கேம் கேள்வி பதில்: காசு கொடுத்து வாங்கியது யாருடையது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து வந்த கேள்விகள் இவை. கேள்வி வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிடித்த விஷயம் என்றால் நீளும், இல்லையென்றால் ஒரு வரிதான். தொடங்குமுன் ஒன்று: மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் கன்சோலின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்குச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரூட்டரையும் கழற்றுங்கள்.

படிவம் மூன்று மாணவர்: அண்ணே, அப்பா கணினி வாங்கித் தருகிறேன் என்றார். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு பத்தாது. எதைப் பார்த்து வாங்குவது?

கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஏஎம்டி ரைசன் வாங்கு தம்பி. 5600ஜி மாதிரி, எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ இருக்கிறதா என்று பார். ரேம் 16 ஜிபி வேண்டும். அதை ஒரே ஸ்டிக்காக வாங்காதே, 8 ஜிபி இரண்டாக வாங்கு. இந்த வகைக் கணினியில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்டிக் இருந்தால் இரண்டு வழியாகத் தரவு போகும், கேம் ஓடும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். “ஒன்று போதும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்” என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பவர் சப்ளையை மட்டும் நல்லதாக வாங்கி வை. நாளைக்குக் காசு சேர்ந்து கார்டு போட்டால் அதுதான் தாங்கும்.

ஜிடிஏ 6 என் லேப்டாப்பில் ஓடுமா?

அதைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனம் இதுவரை பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான் அறிவித்திருக்கிறது. கணினிக்கு அறிவிப்பே இல்லை. தேதியும் இரண்டு முறை தள்ளிப்போனது. முதலில் 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26, அப்புறம் 2026 நவம்பர் 19.

ஓர் அம்மா: மகனுக்கு 11 வயது. என் கைப்பேசியில் கேமில் ‘டைமண்ட்’ வாங்கி 400 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் செலவழித்துவிட்டான். என்ன செய்வது?

அக்கா, முதலில் பையனை அடிக்காதீர்கள். பெரியவர்களையே மயக்கும்படி செய்த கடை அது.

இப்போதே கூகுள் பிளேயில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம், அதனால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். பிறகு, வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் அவனுடைய பிறந்த தேதியாக இருக்கக் கூடாது. அட்டை எண், மின்பணப்பை எதுவும் பிள்ளை தொடும் கைப்பேசியில் இருக்க வேண்டாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேமில் எதற்கும் வெள்ளியில் விலை இருக்காது, டைமண்டில் இருக்கும். 10 வெள்ளி போகிறது என்று தெரிந்தால் பிள்ளை யோசிப்பான். 500 டைமண்ட் என்றால் யோசிக்க மாட்டான். வேண்டிய பொருளின் விலையும் விற்கும் டைமண்ட் கட்டும் பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியதைச் செலவழிக்க இன்னொரு கட்டு வாங்க வேண்டும். இதற்கு மேல் சுழற்று முறை இருக்கிறது: காசு போட்டால் என்ன விழும் என்று தெரியாது. இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு ஃபிஃபா கேமில், என்ன விழும் என்று தெரியாத பொதிகளை வாங்கும் புள்ளியைக் காசுக்கு விற்பதை ஈஏ நிறுவனம் அந்த நாட்டில் நிறுத்தியது. சட்டம் கேட்டால் அவர்களால் நிறுத்த முடிகிறது. நம் பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

சாயங்காலம் ஆனால் பிங் (தரவு போய்வரும் தாமதம்) ஏறுகிறது. வேறு இணையச் சேவைக்கு மாறலாமா?

மாறுவதற்கு முன் ரூட்டரிலிருந்து கேபிள் போட்டு விளையாடிப் பாருங்கள். கேபிளில் சரியாக இருந்தால் குறை வைஃபையில்தான். வரிசை வீடுகளில் எல்லோருடைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். கேபிளிலும் ஏறினால் அப்போது மாறுங்கள்.

கைப்பேசியில் விளையாடுவதெல்லாம் கேமா?

கேம்தான். 2024-இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் என்ற கைப்பேசி கேமின் மிட் சீசன் கோப்பையை வென்றது சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ், நம் நாட்டு அணி. அந்த ஆட்டத்துக்கு வேண்டிய கணக்கும் கூட்டு வேலையும் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். அதில் காசு பிடுங்கும் முறைதான் எனக்குப் பிடிக்காது.

ஜிடிஏ 6 என்ன விலை வரும்?

அறிவித்தால் எழுதுகிறேன்.

மொபைல் லெஜெண்ட்ஸில் ‘மித்திக்’ என்ற உயர்ந்த நிலை வரை ஏற்றிய அக்கவுண்ட் 150 வெள்ளிக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். விற்றவரிடம் பழைய மின்னஞ்சலும் பழைய ரசீதுகளும் இருக்கும். அவற்றைக் காட்டி அக்கவுண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார். விற்பதே விதிக்கு எதிரானது என்பதால் நீங்கள் புகார் செய்யவும் முடியாது.

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்: தம்பி, ஒரு காலத்தில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 5 வெள்ளிக்குக் கள்ள டிஸ்க் வாங்குவோம். கள்ளப் பிரதியும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷனில் என் பேரன் இன்றைக்கும் அதை விளையாடுகிறான். என் மருமகன் முழு விலை கொடுத்து வாங்கிய கார் கேம் இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. எது நல்ல வியாபாரம்?

மாமா, இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கார் கேம் ‘த குரூ’வாகத்தான் இருக்கவேண்டும். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைந்திருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அடுத்து வாங்கியவர்களின் உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். டிஸ்க்காக வாங்கியவர்களுக்கும் மிஞ்சியது வெறும் தட்டுதான்.

அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அந்த மனுவுக்கு 2025 ஜூலைக்குள் ஒரு மில்லியன் கையெழுத்து தாண்டியது. எல்லா சர்வரையும் என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்கிறார்கள். முடியாத காரியமா? எதிர்ப்பு கிளம்பிய பிறகு இதே நிறுவனம் ‘த குரூ 2’க்கு இணையம் இல்லாமல் ஓட்டும் வசதியைக் கொடுத்தது. அப்படியானால் முதல் கேமுக்குச் செய்யாதது மனம் இல்லாததால்தான் என்பேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: நீங்கள் கள்ள டிஸ்க்கை நியாயப்படுத்துகிறீர்கள். பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

இல்லை டீச்சர். அந்த 5 வெள்ளியில் கேம் செய்தவர்களுக்கு ஒரு காசு போகவில்லை, அது தவறுதான். ஆனால் மாமா சொல்வதில் உள்ள நியாயத்தையும் விட்டுவிட முடியாது. கள்ளப் பிரதி வைத்திருப்பவரின் வீட்டில் கேம் ஓடுகிறது, ரசீது வைத்திருப்பவரின் வீட்டில் ஓடவில்லை. நேர்மையாக வாங்கியவரைத் தண்டிக்கிற வியாபாரம் நேர்மையை வளர்க்காது.

அதே ஆசிரியை: வாங்கும்போதே நிபந்தனையில் எழுதித்தானே இருக்கிறது? படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் தவறு?

எழுதியிருக்கிறது. ஆனால் பொத்தானில் ‘வாங்கு’ என்று போட்டுவிட்டு, நாற்பதாம் பத்தியில் ‘இது உரிமம் மட்டுமே’ என்றால் அது ஒளித்து வைப்பது. அதனால்தான் கலிபோர்னியா 2024-இல் சட்டம் போட்டது: நிரந்தரமாகச் சொந்தம் இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அந்த அக்டோபரிலேயே கணினி கேம் விற்கும் ஸ்டீம் இணையக் கடை தன் பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்று எழுதிவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் சொல்லிவிட்டுப் பிடுங்கினாலும் பிடுங்குவதுதானே.

ஈப்போவில் படிக்கும் கல்லூரி மாணவி: அப்படியானால் டிஸ்க், கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பாதுகாப்பா?

முன்பு போல் இல்லை தங்கச்சி. நிண்டெண்டோ சுவிட்ச் 2-க்கு ‘கேம்-கீ கார்டு’ என்று வருகிறது. அட்டைக்குள் கேம் கிடையாது, சாவிதான் இருக்கும். கேமை இணையத்தில் இறக்கவேண்டும். பெட்டியின் முன்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். இறக்கும் கடையே மூடினால்? பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான இணையக் கடையில் விற்பனையை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. கணினியில் விளையாடுபவர்களுக்கு ஜிஓஜி என்ற கடை இருக்கிறது. அங்கே வாங்கும் கேமின் நிறுவும் கோப்பை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், யாரையும் அனுமதி கேட்கவேண்டாம். ஒரே கேம் இரண்டு கடையிலும் இருந்தால் நான் அங்கேதான் வாங்குவேன்.

ஓய்வு பெற்ற மாமா மீண்டும்: அப்போ என் 5 வெள்ளி டிஸ்க்கே மேல்!

உங்கள் டிஸ்க்கும் கீறும், கன்சோலின் லென்ஸும் தேயும் மாமா. மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்குகிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

தமிழில் கேம் ஏதாவது இருக்கிறதா?

‘வெண்பா’ விளையாடுங்கள். கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழம்மாவின் கதை. டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. அவருடைய அம்மாவின் பழைய சமையல் குறிப்பில் சில இடங்கள் அழிந்திருக்கும், நாம் யோசித்துச் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதே ஒரு புதிர். நம் வீட்டில் எல்லோர் கைக்கும் தெரிந்த விஷயம், உலகம் முழுக்க உட்கார்ந்து மூளையைக் கசக்கியது. மகன் ஆங்கிலத்துக்குப் போய்விட, அம்மா தமிழில் நிற்கும் இடங்கள் மனதைப் பிடிக்கும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். விலைக்கு நேரம் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஜிடிஏ 6 கைப்பேசியில் வருமா?

மேலே முதல் பதிலில் சொன்னதைப் படியுங்கள். அந்தப் பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) யாராவது அனுப்பினால் அது வைரஸ், தொடாதீர்கள்.

எஸ்பிஎம் (படிவம் ஐந்து தேர்வு) முடித்ததும் கேம் செய்யும் வேலைக்குப் போகலாமா? இங்கே அப்படி வேலை உண்டா?

உண்டு. கோலாலம்பூர் பக்கம் லெமன் ஸ்கை, ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ என்ற பழைய கேமின் மறுபதிப்பில் வேலை செய்த நிறுவனம். பேஷன் ரிபப்ளிக் நிறுவனம் 2022-இல் ‘கிகாபாஷ்’ கேமை வெளியிட்டது. மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கிய வான் ஹஸ்மர், ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டசி 15’-இல் வேலை செய்தவர். ஊருக்குத் திரும்பி 2020-இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ செய்தார்.

ஆனால் இந்தத் தொழிலில் நிரந்தரம் குறைவு. சோனியின் ‘கன்கார்ட்’ கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது, செப்டம்பர் 6 அன்று அணைக்கப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. செய்தவர்களின் ஸ்டூடியோவையே அடுத்த மாதம் மூடிவிட்டார்கள். அதனால் கணினி நிரலாக்கமோ ஓவியமோ, வேறு துறையிலும் சோறு போடும் ஒன்றை முறையாகப் படி. கூடவே சின்னதாக ஒரு கேம் செய்து முடி. பாதியில் நிற்கும் பத்துப் பெரிய திட்டத்தைவிட முடிந்த ஒன்று நேர்காணலில் பேசும்.

நீங்கள் இப்போது என்ன விளையாடுகிறீர்கள்?

‘பலாட்ரோ’. 2024-இல் வந்த சீட்டு விளையாட்டு, கனடாவில் ஒரே ஆள் உருவாக்கியது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், இணையம் வேண்டாம், உள்ளே எதையும் விற்க வரமாட்டார்கள். ஒருமுறை காசு, அவ்வளவுதான். எஸ்பிஎம் எழுதுபவர்கள் மட்டும் தேர்வு முடிந்த பிறகு நிறுவுங்கள். ஒரு சுற்று என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது.