மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைத் தங்கைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்குச் சளி, காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் சிரப் கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பாதி பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இப்போது 3 வயது மகளுக்கும் அதே சளி. அதையே கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. மூக்கு ஒழுகி, தும்மலோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். மகனுக்குக் காய்ச்சல் அனேகமாகத் தானாகவே விட்டிருக்கும்; பெயர் மருந்துக்குப் போய்விட்டது. போதாததற்கு, தண்ணீர் கலந்த சிரப் சில நாள்தான் தாங்கும். அளவும் குழந்தையின் எடைக்கு எடை மாறும்.

மகளுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால், கஞ்சி, வெந்நீர் போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல்தான். 'காய்ச்சலுக்கு ஒரு செட்' என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வாங்கிய காகித உறையை ஒரு பாட்டி என் மேசையில் கொட்டினார். மாத்திரை அட்டையிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள். ஒன்றில் மருந்துப் பெயரின் கடைசி மூன்று எழுத்து, பாதி சிவப்புக் கோடு. காலாவதித் தேதி எதிலும் இல்லை. சின்ன மாத்திரை ஸ்டீராய்டு. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம்.

செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் உள்ள ஒரு பட்டியலின் மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது. எத்தனை கடையில் எழுதுகிறார்கள்? போய்ப் பார்க்க ஆள் வருவதில்லை. உங்களுக்குக் கொடுத்த அசித்ரோமைசின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இப்படிச் சீட்டில்லாமல், வாரக்கணக்கில் இருமுகிறவருக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுத்தால், அவருக்குக் காசநோய் இருந்தால் காசநோய்க் கிருமி கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும். நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு ஒரு ஊசியை மட்டும் யாரும் நிறுத்திவிடாதீர்கள். தொண்டையில் ஒருவகைக் கிருமி தொற்றியதன் பின்விளைவாக வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதித்த பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி அது. தொண்டையில் அந்தக் கிருமி மறுபடி வந்தால் வால்வு இன்னும் கெடும். அது வராமல் தடுக்கவே வருடக்கணக்கில் போடுகிறோம். பிள்ளை ஓடியாடி நன்றாக இருக்கும், அதனாலேயே நிறுத்தத் தோன்றும். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறோம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று நிறுத்திய வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பெண்கள் கர்ப்பமான பிறகு மூச்சுத் திணறலோடு வருகிறார்கள். ஊசி மருந்து இல்லை என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினால் அன்றைக்கே அடுத்த மருத்துவமனைக்குப் போங்கள். 21 நாள் என்றால் 21 நாள்தான்.