வள்ளத்துக்கு ஏற்ற ஒட்டுப்பலகையும் திருகாணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் 22 அடி ஒட்டுப்பலகை வள்ளத்தில் அணியத்தை (முன்பகுதியை) ஒட்டிய இடப்பக்கப் பலகை ஊறி, அடுக்கடுக்காகப் பிரிகிறது. கடையில் இரண்டு விதப் பலகைகளைக் காட்டி, இரண்டுமே 'மரைன்' என்கிறார்கள். விலையிலோ பெரிய வேறுபாடு. எதை வாங்கலாம் ஐயா?

பதில்: 'மரைன்' என்ற சொல்லைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்டு முடிவு செய்யாதீர்கள், பலகையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் கடல் பயன்பாட்டுக்குரிய ஒட்டுப்பலகையின் தரக்குறி ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 710 ஆகும். சமையலறை அலமாரிக்கு விற்கப்படும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) பலகை ஐ.எஸ். 303 என்ற வேறொரு தரத்தைச் சேர்ந்தது. அது ஈரத்தைச் சிறிது காலம் தாங்கும், ஆனால் நாள் முழுவதும் கடலில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. தாங்கள் பார்த்த இரண்டில் விலை குறைந்தது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் இட்டுப் பார்த்தால், அந்த உரிமம் உண்மையானதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஐ.எஸ். 710 பலகையின் பசை 72 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்த பின்னும் விடக்கூடாது என்பது சோதனைக்கூட விதி. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. கடையில் ஒரு சிறு வெட்டுத்துண்டு வாங்கிவந்து, நான்கைந்து மணி நேரம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடியும் ஒரு முறை கொதிக்கவைத்தால், மட்டமான பசையாக இருப்பின் அடுக்குகள் நகத்தால் நெம்பும்போதே பிரிந்துவரும். பலகையின் சிவப்பு நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். நிறத்தைப் பூசிக்கொள்ள முடியும்.

அடுத்து, பலகையின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். அந்த ஓட்டையில் நீர் தங்கும், அங்கே விழும் திருகாணிக்கும் பிடி இருக்காது. முகப்பை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறும். ஒரே கனத்தில் அடுக்குகள் எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது. பழைய பலகையின் கெடாத பகுதியில் கனத்தை அளந்து அதே கனத்தில் வாங்க வேண்டும். அணிய வளைவில் 12 மி.மீ. பலகை வளைய மறுத்தால், 6 மி.மீ. பலகைகள் இரண்டை எபாக்சிப் பிசின் (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஒட்டுவது எளிது.

கெட்ட இடத்தை வெட்டியெடுத்ததும் சுற்றியுள்ள மரத்தை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்துங்கள். மரத்தில் உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். பழைய பலகையும் புதிய பலகையும் சேரும் இடத்தில் இரண்டையும் கனத்தைப்போல் 8 மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் செதுக்கி ஒட்டுவது சிறந்தது. அதாவது 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ. சரிவு. வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று முறை எபாக்சி பூசாமல் பலகையைப் பொருத்தவே கூடாது. ஒட்டுப்பலகை நீர் குடிப்பது முகப்பால் அன்று, ஓரத்தாலும் துளையாலும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையை மக்கச் செய்யும் காளான் நல்ல தண்ணீரில்தான் செழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையேற்றி வைத்த வள்ளத்துக்குள் தேங்கும் மழைநீர், கடல்நீரைவிடக் கூடுதலாகக் கெடுக்கும். தங்கள் வள்ளத்தில் அணியத்தின் அருகே கெட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த ஐயமே எழுகிறது.

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு வாசகர்): இரும்புத் திருகாணி இரண்டு ஆண்டில் துருப்பிடித்தது. பித்தளை போட்டோம், கழற்றும்போது தலை தனியே முறிந்து வந்தது. இப்போது கடைக்காரர் எவர்சில்வர் திருகாணியைக் காந்தத்தில் வைத்துக் காட்டி, ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்கிறார். நம்பலாமா?

பதில்: காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். மலிவான 202 ரகம், நடுத்தரமான 304, கடலுக்கு ஏற்ற 316 ஆகிய மூன்றுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. 316 ரகத்தில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால்தான் அது உப்பின் அரிப்பைக் கூடுதலாகத் தாங்குகிறது. அதைக் கண்ணாலோ காந்தத்தாலோ அறிய முடியாது. போல்ட்டாக இருந்தால் தலையில் ஏ4 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஏ2 என்பது 304 ரகம். திருகாணியின் தலையில் குறி இராது என்பதால், பெட்டியின் மேல் ரகம் அச்சிட்ட சரக்கைப் பெட்டியாகவே வாங்குங்கள். உதிரியாக நிறுத்துத் தருவதை வாங்காதீர்கள்.

பித்தளை முறிந்ததற்குக் காரணம், உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் நொய்ந்து நின்றதே. முறிந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்திருக்கும். தச்சுக்கடையில் கிடைக்கும் கறுப்புத் திருகாணி அதைவிட மோசம். அது சுவர்ப் பலகைக்கானது. மஞ்சளாகவும் பளபளப்பாகவும் முலாம் பூசியவற்றின் பூச்சு மிக மெல்லியது, கடலில் சில மாதங்களுக்கு மேல் நில்லாது.

316 ரகத்துக்கும் ஒரு குறை உண்டு. காற்றுப்படும் வரைதான் எவர்சில்வர் தன்னைக் காத்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்குக் கீழே ஊறிய மரத்துக்குள் காற்று இல்லாமல் கிடந்தால், தலை பளபளத்துக்கொண்டிருக்கும்போதே தண்டு அரித்துப்போகும். ஆகவே துளைக்குள் நீர் புகாமல் அடைப்பதே வேலையின் பாதி. ஒரே இடத்தில் பித்தளையும் எவர்சில்வரும் இரும்பும் கலந்து போடவும் கூடாது. உப்புநீரில் ஒன்று மற்றொன்றைத் தின்னும்.

9 மி.மீ. பலகையை வங்கில் (வள்ளத்தின் உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டத்தில்) பொருத்த 8ஆம் எண் திருகாணி, ஒன்றரை அங்குல நீளம் போதும். பலகையில் 4.5 மி.மீ., வங்கில் 3 மி.மீ. அளவில் துளையிட்டு, துளைக்குள் எபாக்சி விட்டு, ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே, இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றாக, சற்றே மாற்றி மாற்றி முடுக்குங்கள். வங்கு கருவேலமாக இருந்தால், முதலில் அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை ஒரு முறை முடுக்கிக் கழற்றி வழி செய்துகொள்ளுங்கள். எவர்சில்வர் மென்மையானது, இறுக்கினால் கழுத்தில் முறியும். தலையை மிக ஆழமாகப் புதைத்தால் முகப்பு அடுக்கு அறுந்துவிடும். துருவில் கறுத்துப்போன பழைய துளைகளில் பருமனான திருகாணி போட்டு ஒப்பேற்றாதீர்கள். கறுப்பைச் சுரண்டியெடுத்து, மரத்தூள் கலந்த எபாக்சியால் அடைத்து, ஓர் அங்குலம் தள்ளிப் புதுத்துளை போடுங்கள்.

கேள்வி (ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகர்): ஒழுகும் பழைய வத்தையின் (மரப்பலகைப் படகின்) மேல் ஒட்டுப்பலகையை ஒட்டி மூடிவிடலாமா?

பதில்: கூடாது. பல ஆண்டுகள் மீனெண்ணெய் குடித்த மரத்தில் எபாக்சி பிடிக்காது. மரப்பலகைகள் ஊறும்போது விரியும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் ஒட்டுப்பலகை அதற்கு இடங்கொடாமல் திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு வரும், நடுவில் தேங்கும் ஈரம் இரண்டையும் மக்கவைக்கும். நல்ல ஓடாவி (படகுத் தச்சர்) ஒருவரைக்கொண்டு கலப்பத்து அடித்து, அதாவது பலகை இடுக்குகளை அடைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் விசைப்படகு வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதால், மாசியிலேயே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி (பாம்பனிலிருந்து ஒரு வாசகர்): ஃபைபர் படகுக்குப் பூசும் பிசினையே பலகை ஓரத்துக்கும் பூசலாமா?

பதில்: அது பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின், மரத்தில் அதன் பிடி எபாக்சியைவிடக் குறைவு, ஓரத்தில் உரிந்துவிடும். எபாக்சியே வாங்குங்கள். சித்திரை வெயிலில் டப்பாவில் நிறையக் கலந்தால் அது தானே சூடேறிக் கட்டியாகிவிடும் என்பதால், அகலமான தட்டில் சிறிது சிறிதாகக் கலந்து, மாலையில் பலகை ஆறத் தொடங்கிய பிறகு பூசுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சில் கொப்புளம் எழுப்பும்.